தண்ணீர் மேசைக்கு இந்தப் பக்கம்

அதிகாலை நாலேகால் மணிக்கு ஊருணிக் கரையில் இரண்டு மர மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அவற்றின் மேல் 240 எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக அடுக்குவதில்தான் என்னுடைய ஓட்டப் பந்தய நாள் தொடங்குகிறது. டம்ளர்கள் பல வீடுகளிலிருந்து வந்தவை. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் யாரும் புழங்குவதில்லை என்பதால், ஒவ்வொரு டம்ளரின் விளிம்புக்குக் கீழேயும் ஒரு வீட்டின் தலைப்பெழுத்துகள் புள்ளி புள்ளியாக இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் அந்த எழுத்துகளைப் பார்த்து, எந்த வீட்டுக்கு எத்தனை திரும்பிப் போக வேண்டும் என்று குறித்துக்கொள்வேன். நான் ஓர் இரும்புக் கடையில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவன். வாங்கியதையும் கொடுத்ததையும் எழுதாமல் என்னால் எந்த வேலையையும் தொடங்க முடியாது.

வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். வயது 51. நல்ல நாளாக இருந்தால் பத்து கிலோமீட்டரை 62 நிமிடத்தில் முடிப்பேன். வெயில் ஏறிவிட்டால் 70 ஆகும். பரிசு மேடைக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் தொடர்பு இருந்ததில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று பந்தயங்களில் ஓடுவதும், நான்கைந்து பந்தயங்களில் ஓடாமல் சாலையோரத்தில் நின்று வேலை செய்வதும் இப்போது என் வழக்கமாகிவிட்டது. எதை விடச் சொன்னாலும் நின்று வேலை செய்வதை விட மாட்டேன் என்று நான் சொல்லும்போது, கூட ஓடும் நண்பர்கள் அதை ஒரு பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பேச்சுக்குச் சொன்னதல்ல என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, 43 வயதில் ஓடத் தொடங்கினேன். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு முன்பு காவடிகள் போகிற அந்தத் திசையில், முதலில் இரண்டு கிலோமீட்டர், பிறகு நான்கு, பிறகு ஆறு என்று கூட்டிக்கொண்டு போய், ஓராண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரம் வரை ஓடி முடித்துப் பேருந்தில் திரும்பினேன். அதன்பின் மூன்றாண்டுகள் ஊர் ஊராகப் போய்ப் பந்தயங்களில் ஓடினேன். அந்த மூன்றாண்டுகளில் எனக்குத் தண்ணீர் கொடுத்த ஒருவருடைய முகம்கூட இன்று நினைவில் இல்லை. ஒரு கை நீளும், அதில் ஒரு குவளை இருக்கும், வாங்கிக் குடித்துவிட்டுப் போவேன். பிறகு குதிகால் வலி வந்து, காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைப்பதே தண்டனை என்று ஆனது. ஆறு மாதம் ஓடக் கூடாது என்றார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் எங்கள் வட்டாரத்தில் ஒரு பந்தயம் வந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த தம்பி ஒருவர், “அண்ணே, சும்மாதானே இருக்கீக, தண்ணி மேசையில வந்து நில்லுங்களேன்” என்று கூப்பிட்டார். போனேன்.

தண்ணீர் கொடுப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். முதல் பத்து நிமிடத்திலேயே என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. டம்ளர் நிறைய ஊற்றினால், ஓடி வருகிறவர் கை பட்டதும் பாதி சிந்திவிடும்; ஆகவே அரை டம்ளர்தான் ஊற்ற வேண்டும். டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்தால் அவருடைய கை வழுக்கும். விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கையை நன்றாக நீட்டி, அவர் எடுத்த கணத்தில் விட்டுவிட வேண்டும். மேசைக்குப் பின்னால் நிற்கக் கூடாது, முன்னால் நிற்க வேண்டும். எல்லாரும் முதல் மேசையிலேயே மொய்ப்பார்கள் என்பதால், நூறடி முன்னாலேயே ஒருவர் நின்றுகொண்டு, “அடுத்த மேசையிலும் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அவள் அதற்கு முன்பு இரண்டு பந்தயங்களில் நின்றவள்.

டம்ளர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது, பிளாஸ்டிக் குவளை, தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் பூச்சுக் கொண்ட காகிதக் குவளை எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. சாலைப் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு அது பெரிய சிக்கல்தான். எங்கள் குழுவில் இருந்த அக்கா ஒருவர், விசேஷ வீட்டுக்குப் பாத்திரம் வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்லி, தன் வீட்டிலிருந்தே 60 டம்ளர் கொண்டுவந்து வைத்தார். எவர்சில்வர் டம்ளரில் ஒரு சங்கடம் உண்டு. நம் ஊர்க்காரர்கள் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள், அண்ணாந்துதான் குடிப்பார்கள். ஓடிக்கொண்டே அண்ணாந்து குடிக்க ஒருவராலும் முடியாது. ஆகவே எங்கள் மேசையில் எல்லாரும் நிற்கிறார்கள். ஐந்து வினாடியோ பத்து வினாடியோ நின்று, தலையை நிமிர்த்தி, தொண்டையில் தண்ணீர் இறங்குவது தெரிய ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள். வேகமாக ஓடுகிற இளைஞர்களுக்கு அந்தப் பத்து வினாடி இழப்புதான். அவர்களுக்கென்று தனியாக மூங்கில் கூடையில் பாட்டில் வைக்கிறோம். மற்றவர்களுக்கு நின்று குடிப்பது நல்லது என்றே நான் நினைக்கிறேன். மூச்சிரைக்க ஓடிக்கொண்டே குடித்துப் புரையேறி, இருமிக்கொண்டே அரை கிலோமீட்டர் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குடித்த டம்ளர்கள் பின்னாலிருக்கும் இரண்டு வெந்நீர் அண்டாக்களுக்குப் போய், தேய்த்துக் கழுவப்பட்டு மறுபடி மேசைக்கு வரும். அந்த ஓசை, காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை, கல்யாண வீட்டுப் பந்திக்குப் பின்னால் கேட்கும் ஓசை போலவே இருக்கும்.

1896ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மராத்தான் வென்ற ஸ்பிரிடன் லூயிஸ், தண்ணீர் விற்றுப் பிழைத்த ஒருவருடைய மகன். நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதில் தந்தைக்கு உதவியாக இருந்தவர். இதை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மராத்தானில், 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில், புழுதி பறக்கும் மண் சாலையில் 32 பேர் ஓடத் தொடங்கி 14 பேர் மட்டுமே முடித்தார்கள். நாற்பது கிலோமீட்டர் வழியில் தண்ணீர் கிடைத்த இடம் ஒன்றிரண்டுதான். செம்மண் சாலையில் பேருந்துக்குப் பின்னால் ஓடிப் பழகிய எனக்கு அந்தப் புழுதி என்னவென்று தெரியும்.

தண்ணீர் அதிகமானாலும் ஆபத்துதான் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். 2002 பாஸ்டன் மராத்தான் முடிவில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்து, 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது தெரியவந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் அது அதிகமாக இருந்தது. பத்து கிலோமீட்டரில் இது அரிது. ஆனால் அரை மராத்தானில், 21 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தும் ஓடியும் கடக்கிறவர்கள், ஒவ்வொரு மேசையிலும் நம் உபசரிப்புக்காகவே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போகிறார்கள். விருந்தாளியை வற்புறுத்துவது நம் கைக்கு இயல்பாக வந்துவிடுகிறது. இப்போது எங்கள் மேசையில் யாரையும், “இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்துவதில்லை. தாகமாக இருந்தால் குடியுங்கள் என்று மட்டும் சொல்கிறோம். உப்புப் போட்ட நீர்மோரையும் பக்கத்திலேயே வைக்கிறோம்.

மேசையில் இரண்டு பந்தயம் நின்ற பிறகு, பாதை அளக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மதுரையிலிருந்து அளவை தெரிந்த ஒருவர் தன்னுடைய சைக்கிளோடு வந்தார். முன்சக்கரத்தின் அச்சில் ஒரு சின்ன எண்ணும் கருவி. அதற்கு ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று பெயர். முதலில் நேரான சாலையில் ஸ்டீல் டேப் பிடித்து 300 மீட்டரை அளந்து ஆணி அடித்தோம். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் நான்கு முறை ஓட்டி, அதற்கு எத்தனை எண் ஓடுகிறது என்று குறித்தார். பிறகு பாதை முழுவதையும் ஓட்டினார். திருப்பங்களில் ஓரக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே சக்கரத்தைச் செலுத்தினார். முடித்த பிறகு மறுபடியும் அந்த 300 மீட்டருக்கு வந்து நான்கு முறை ஓட்டினார். ஏன் என்று கேட்டேன். விடியற்காலையில் இருந்த டயர் வேறு, வெயில் ஏறிய பிறகு காற்று விரிந்து நிற்கும் டயர் வேறு என்றார். எங்கள் கடையில் தராசை நாளுக்கு இரண்டு முறை சரிபார்ப்போம். அந்த ஒரு பதிலில் அவர் மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது.

இவ்வளவும் செய்து முடித்து, அளந்த தூரத்தோடு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பாதை 10,010 மீட்டராக இருக்கும். ஓட்டக்காரருக்குக் கொடுக்கும் தூரம் ஒருபோதும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. பால்காரரோ எண்ணெய்க் கடைக்காரரோ அளந்து முடித்த பிறகு ஊற்றும் கொசுறு நினைவுக்கு வந்தது. இந்த அளவை முறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான டெட் கார்பிட், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மராத்தான் ஓடியவர். ஓடியவருக்குத்தான் தூரத்தின் அருமை தெரியும். பந்தயம் முடிந்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டி, “பத்து புள்ளி இரண்டு காட்டுதே, பாதை நீளமா இருக்கே” என்று கேட்கிறவர்களுக்கு நான் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். செயற்கைக்கோளை நம்பும் கடிகாரம் திருப்பங்களில் தடுமாறும். தவிர, அளந்த குறுகிய வழியில் முதலிலிருந்து கடைசிவரை யாரும் ஓடுவதில்லை. முன்னால் போகிறவரைத் தாண்ட ஒதுங்கியதும், நிழலுக்காக எதிர் ஓரத்துக்குப் போனதும் எல்லாம் அந்தக் கூடுதல் தூரத்தில் அடங்கும்.

அடுத்தது மூலையில் நிற்கும் வேலை. மார்ஷல் என்று அதற்குப் பெயர். செட்டிநாட்டு ஊர்களில் அந்த வேலை மற்ற ஊர்களைவிடக் கடினம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் முடிகிற வீடுகள். தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே அகலத்தில் போகும். வெளியூர்க்காரர் ஒருவர் தெரு மாறிவிட்டால், தான் மாறிவிட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. நெடுஞ்சுவரும் அடைத்த கதவுமாக எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

கானாடுகாத்தானில் அப்படியொரு மூலையில் நான் நின்றபோதுதான் அந்தத் தவறு நடந்தது. நான் செய்தது அது. முன்னணியில் ஓடியவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் தெரு காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். வாயால் சொன்னால் போதாதா? எழுந்து, இருபது முப்பது அடி கூட நடந்து, கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் ஒன்பது பேர் வலது பக்கம் திரும்பாமல் நேராகப் போயிருந்தார்கள். கத்தினேன், கேட்கவில்லை. பின்வாசல்கள் மட்டுமே இருக்கும் தெருவில் போய், ஆள் அரவமே இல்லாததைக் கண்டு சந்தேகப்பட்டு, அவர்கள் திரும்பி வந்தபோது நானூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் அதுவரை பெண்கள் பிரிவில் முதலில் வந்துகொண்டிருந்தவர், மூன்றாவதாக முடித்தார்.

பந்தயம் முடிந்ததும் அவரைத் தேடிப் போய், மூலையில் இருந்தது நான்தான், இடத்தை விட்டு நகர்ந்ததும் நான்தான் என்று சொன்னேன். அவர் திண்டுக்கல் பக்கத்திலிருந்து முதல் நாள் இரவே வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கி ஓடியவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அடுத்த தடவை நேர்த் தெருவுக்குக் குறுக்க ஒரு கயிறு கட்டிருங்கண்ணே. ஆள் இல்லாட்டியும் கயிறு நிக்கும்” என்றார். நான் எதிர்பார்த்துப் போனது ஏச்சு. கிடைத்தது வேலை. குழுவிடம் சொல்லி அவருக்கு முதல் பரிசுக்கு இணையான தொகையைக் கொடுக்கச் செய்தேன். முதலில் வந்த பெண்ணும் அதற்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் ஓடியிருக்க வேண்டிய நேரத்தை யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து எல்லா மூலையிலும் நேர்த் தெருவுக்குக் குறுக்கே தென்னங்கயிறு கட்டுகிறோம். தரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போடுகிறோம். மூலையில் இரண்டு பேருக்குக் குறைந்து நிறுத்துவதில்லை.

தாங்கிப் பிடிப்பதா, விடுவதா என்ற கேள்வி ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு தடவையாவது வரும். 1908 லண்டன் ஒலிம்பிக் மராத்தானில் இத்தாலிக்காரரான டொராண்டோ பியெத்ரி, முதல் ஆளாக அரங்குக்குள் வந்து, திசை தடுமாறி, பலமுறை விழுந்து எழுந்தார். பொறுக்கமாட்டாமல் அதிகாரிகள் அவரைத் தூக்கி நிறுத்தி எல்லைக் கோடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிறர் உதவி பெற்றார் என்பதற்காகவே அவருக்கு வெற்றி மறுக்கப்பட்டது. மறுநாள் அரசி அலெக்சாந்திரா அவருக்கு ஒரு கோப்பை கொடுத்தார். அந்த அதிகாரிகளின் நிலையில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனைக்கு இடமில்லாத ஒரு நாள் வந்தது.

எல்லைக் கோட்டுக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது கல்லூரி மாணவர் ஒருவர் தள்ளாடினார். பக்கத்தில் போய்ப் பெயர் கேட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னார். எங்கே ஓடுகிறோம் என்று கேட்டேன். பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்றார். தொட்டால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பேச்சு குழறுவதுதான் முதல் அடையாளம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாறத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். இப்படிப்பட்ட நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், அதன்பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். அவர், “முடிச்சிர்றேன் சார், விடுங்க” என்று திமிறினார். விடவில்லை. செவிலியராக வேலை பார்க்கும் தன்னார்வலர் ஒருவரும் நானும் அவரை வேப்பமர நிழலில் கிடத்தினோம். மீன் சந்தையிலிருந்து வாங்கி வைத்திருந்த ஐஸ் கட்டியை அண்டாத் தண்ணீரில் போட்டு, வேட்டிகளை அதில் நனைத்து நனைத்து உடம்பு முழுக்கச் சுற்றினோம். ஒரு வேட்டி சூடாவதற்குள் அடுத்தது. பத்து நிமிடத்துக்கெல்லாம் தன் பெயரைச் சரியாகச் சொன்னார். 108 வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். பதக்கம் கிடைக்காத வருத்தம் அவருக்கு இன்றும் உண்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கேட்டுக்கொள்வேன்.

ஓட்டம் முடிந்த பிறகு நடக்கும் கணக்குச் சரிபார்ப்பு எனக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை. நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் தாளில், அதாவது பிப்பில், ஒரு சிப் ஒட்டியிருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் தரையில் விரித்திருக்கும் பாயை அது கடக்கும்போது நேரம் பதிவாகும். தொடங்கியவர் எண்ணிக்கையிலிருந்து முடித்தவரையும் வண்டியில் ஏற்றி வந்தவரையும் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். ஒரு முறை ஒன்று வந்தது. மறுபடி கூட்டினேன், மறுபடியும் ஒன்றுதான். கடையில் கணக்கு இடித்தால் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து தேடலாம். இங்கே இடிப்பது ஓர் ஆள். பிப்பின் பின்பக்கத்தில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுத இடம் இருக்கிறது. அது அவரிடம்தான் இருக்கிறது. பதிவில் கொடுத்திருந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு டிவிஎஸ் வண்டிகளில் பாதையைப் பின்னாலிருந்து முன்னால் தேடிக்கொண்டு போனோம். கண்மாய்க் கரை, கருவேலம் புதர், பாலத்தின் அடி என்று ஒன்றுவிடாமல் பார்த்தோம். அந்த ஐம்பது நிமிடத்தில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. கடைசியில் ஒரு பின்வாசல் திறந்திருந்ததைக் கண்டு குரல் கொடுத்தோம். அவர் உள்ளேதான் இருந்தார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாம், பாதை தன் அத்தை வீட்டுக் கொல்லைப்பக்கம் போவதைக் கவனித்து, அப்படியே உள்ளே நுழைந்து, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வளவின் குளிர்ந்த தரையில் படுத்துத் தூங்கிவிட்டாராம். அத்தை எங்களுக்கும் இட்லி வைத்தார். சாப்பிட்டேன், ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. அடுத்த பந்தயத்திலிருந்து வீட்டு எண்ணை முதலில் எங்கள் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் பிப்பைக் கையில் கொடுக்கிறோம்.

எல்லா வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி ஆளுடன் வருவது. ஓட்டக்காரர்களுக்குப் பின்னால், அவர்களுடைய வேகத்திலேயே, யாரையும் விட்டுவிடாமல் வர வேண்டும். எங்கள் அப்பத்தா உயிரோடு இருந்தவரை, தைப்பூசத்துக்கு முன்பு பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குக் குன்றக்குடிச் சாலையில் மோர் ஊற்றுவார். சிறுவனாக நான் கூடப் போவேன். பெருங்கூட்டம் போய்விட்ட பிறகும், வெயில் உச்சிக்கு வந்த பிறகும் பானையை மூட விட மாட்டார். “கடைசியா வர்றவுகதேன்டா தவிச்சு வருவாக” என்பார். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனி வரை அந்தப் பாதையில் ஊருக்கு ஊர் யாராவது தண்ணீரோடும், காலுக்குத் தேய்க்க எண்ணெயோடும் நிற்பார்கள். எவ்வளவு நேரத்தில் நடந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சாலைப் பந்தயத்தில் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும், அதற்காகத்தான் பாதையை அவ்வளவு பாடுபட்டு அளக்கிறோம். போக்குவரத்தைக் காலையெல்லாம் நிறுத்தி வைக்க முடியாது என்பதால் முடிக்க வேண்டிய நேரத்துக்கு ஒரு வரம்பு இருப்பதும் நியாயமே. ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன் நடந்தது நியாயமல்ல. கோட்டையூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், 66 வயது, புடவையும் கான்வாஸ் ஷூவுமாகப் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தார். பழனிக்குப் பல ஆண்டுகள் நடந்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு அவ்வளவு தூரம் முடியவில்லை, இதையாவது நடக்கிறேன் என்று வந்தார். வரம்பு இரண்டு மணி நேரம். நான் அவருக்குப் பின்னால் பத்தடி விட்டு வந்துகொண்டிருந்தேன். கடைசித் திருப்பத்தில் நாங்கள் திரும்பியபோது ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. எதிரே, நேரம் பதிவு செய்ய வந்திருந்த நிறுவனத்தின் பையன்கள் பாயைச் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊரில் மாலையில் வேலை இருக்கிறதாம். வளைவையும் பாதி இறக்கிவிட்டார்கள். ஆச்சி கோடு இருந்த இடத்தைக் கடந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, “என் நேரத்தை எதுல எழுதுவாக தம்பி?” என்று கேட்டார். என் கடிகாரத்தில் ஒரு மணி 58 நிமிடம் 40 வினாடி. என் நோட்டில் அவர் எதிரிலேயே எழுதி, கையெழுத்தும் போட்டேன். முடிவுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. நான்கு முறை எழுதிக் கேட்டும் சேர்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன்பின் எங்கள் குழு எந்த நிறுவனத்தை அழைத்தாலும், கடைசி ஆளோடு வருகிற தன்னார்வலர் கோட்டைக் கடக்கும்வரை பாயைச் சுருட்டக் கூடாது என்று தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கொடுக்கிறது. தண்ணீர் மேசைக்கும் அதே விதி. என் மேசையில் கடைசி இருபது டம்ளர்களைத் தண்ணீரோடு அப்படியே வைத்திருப்பேன். கழுவும் இடத்தில் இருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும் கொடுக்க மாட்டேன்.

இந்தத் தை மாதம் நடந்த பந்தயத்தில் ஆச்சி மறுபடி வந்தார். நான் அன்று எட்டாவது கிலோமீட்டரில், ஊருணிக் கரை மேசையில் இருந்தேன். எல்லாரும் போன பிறகு, வெயில் நன்றாக ஏறிய நேரத்தில், கடைசி ஆளுடன் வரும் பையன் பின்னால் நடந்துவர, சிவப்புக் கரை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிதானமாக வந்தார். நின்றார். ஒரு டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் அண்ணாந்து குடித்தார். இன்னொன்று எடுத்துப் பாதி குடித்துவிட்டு, விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தடவி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது எங்க சின்ன மாமியா வீட்டு டம்ளருல்ல?”

ஆமாம் ஆச்சி, அந்த வீட்டிலிருந்து பன்னிரண்டு வந்திருக்கிறது என்று நோட்டைப் பார்த்துச் சொன்னேன். மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்து, “பாய் இருக்குல்ல?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். செருகலைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.